பக்கத்து வீட்டுத் தீவுக்கு ஒரு டூர்!

முதல்லயே ஒரு விளக்கம் சொல்லிடறேன் ஃப்ரெண்ட்ஸ். 'நான் புதுக்கோட்டைக்காரன்'னு சொன்னா ஹாஸ்டல்ல பாதிப் பேர், 'ஓ... சித்தன்னவாசல் பக்கமா?'னு ஆரம்பிச்சிடறாங்க. அது வேற புதுக்கோட்டை பாஸ். நம்ம புதுக்கோட்டை தூத்துக்குடி - திருநெல்வேலி ரோட்டுல இருக்கு. தூத்துக்குடியில பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடிச்சு, ஒரு நாலஞ்சு பாட்டு கேட்டு முடிக்கிறதுக்குள்ள வந்துடும். அரண்மனை எல்லாம் கிடையாது. ஆனா காத்து திசை மாறினா கடல் வாசம் வரும்.

இந்த வாரக் கதை அந்தக் கடலைப் பத்தினதுதான்.

போன டிசம்பர்ல செமஸ்டர் முடிஞ்ச ராத்திரி. ரூம்ல நாலு பேர். மதுரைக்காரன், ஈரோட்டுக்காரன், திரேஸ்புரத்துக்காரன், அப்புறம் நான். அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட், புராஜெக்ட்னு ஆளுக்கொரு திசையில ஓடப் போறோம். அதுக்கு முன்னாடி 'லைஃப்ல மறக்க முடியாத' ஒரு டூர் போகணும்னு மதுரைக்காரன் தீர்மானம் நிறைவேத்தினான். எங்கே? அவன் லேப்டாப்பைத் திறந்து வால்பேப்பரைக் காட்டினான். நீலக் கடல், வெள்ளை மணல், ஒத்தைத் தென்னை மரம். "இங்க!"

பட்ஜெட் எவ்வளவுன்னு கேட்டோம். தலைக்கு 5,000 ரூபாய். சிரிக்காதீங்க. உங்க ரூம்லயும் இப்படித்தானே ஆரம்பிக்கும்?

கனவும் கால்குலேட்டரும்

மாலத்தீவு முதல் ரவுண்ட்லயே அவுட். நாலு பேர்ல ரெண்டு பேருக்கு பாஸ்போர்ட்டே இல்லை. ஆனா ஒரு விஷயம் தெரியுமா? எங்க தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கும் மாலத்தீவுக்கும் பல தலைமுறைப் பழக்கம். காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏத்திக்கிட்டு தோணிகள் போகும். தோணி சரக்குக்கு மட்டும்தான். நம்மளை ஏத்த மாட்டாங்க.

அடுத்து லட்சத்தீவு. இந்தியாதானே, சும்மா போயிடலாம்னு நினைச்சோம். முடியாது. இந்தியக் குடிமகனா இருந்தாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். கப்பல் கொச்சியிலிருந்து. ஈரோட்டுக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்துட்டுக் கால்குலேட்டரைக் கவுத்து வச்சான். அந்தமானுக்குக் கப்பல்ல போனா போக, வரவே ஒரு வாரம் காலி. ஃபிளைட்னா பர்ஸ் காலி.

கொழும்பு? 2011 ஜூன்ல தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டாங்க. அதே வருஷம் நின்னும் போச்சு. வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு ஓட்டின அதே தடம். இன்னிக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கு, 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சது. அதுக்கும் பாஸ்போர்ட் வேணும். விடுங்க.

அப்பதான் ஈரோட்டுக்காரன் மேப்பை இழுத்து இழுத்துப் பெரிசாக்கி, "டேய், உங்க ஊர் கடல்ல இது என்னடா புள்ளி புள்ளியா இருக்கு?"ன்னு கேட்டான்.

வெட்கமா இருந்துச்சு. இருபது வருஷமா அந்தக் கடலுக்குப் பக்கத்துல இருக்கேன். பதில் தெரியல.

21 புள்ளிகள்

அதுக்குப் பேர் மன்னார் வளைகுடாத் தீவுகள். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் கரையோரமா சுமார் 140 கிலோமீட்டருக்கு ஒரு சங்கிலி மாதிரி போகுது. மொத்தம் 21. நாலு குழுவாப் பிரிச்சிருக்காங்க. தூத்துக்குடிக் குழுவுல 4: வான் தீவு, கோசுவாரி, விலங்குச்சல்லி, காரியாச்சல்லி. வேம்பார் குழுவுல 3. கீழக்கரைக் குழுவுல 7. மண்டபம் குழுவுல 7. பேரெல்லாம் அவ்வளவு அழகு: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, பூமரிச்சான், மனோலி, அப்பா தீவு, முயல் தீவு. (இந்த முயல் தீவு மண்டபத்துப் பக்கம். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கிற முயல் தீவு வேற. புதுக்கோட்டை மாதிரியே இங்கயும் பேர்க் குழப்பம்!)

எல்லாமே சின்னச் சின்னத் தீவுகள். யாரும் குடியிருக்கிறதில்லை. சுத்தி பவளப் பாறைகள். 117 வகைப் பவளங்கள் கணக்கெடுத்திருக்காங்க. கடல்புல் மேயற கடல்பசு, எங்க ஊர் மீனவர்கள் பாஷையில 'ஆவுளியா', இங்கே உண்டு. ஆமை, கடல்குதிரை, கடல்அட்டை, டால்ஃபின் எல்லாம் உண்டு. ஒரு காலத்துல உலகத்தையே இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வச்ச முத்துச் சிப்பியும் இந்தக் கடல்லதான். கொற்கைப் பாண்டியர்கள், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரன்னு வரிசையா வந்தவங்க எல்லாரும் இந்த முத்துக்காகத்தான் நாக்கைத் தொங்கப் போட்டாங்க. தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல நடந்துச்சு. அதுக்கப்புறம் பார்களில் சிப்பி தேறலை. 'முத்து நகர்'னு ரயிலுக்குப் பேர் மட்டும் இருக்கு. சங்குகுளி இன்னும் நடக்குது.

"மாலத்தீவே வாசல்ல இருக்கு, நாம பாஸ்போர்ட்டைத் தேடிட்டு இருந்தோமே!"ன்னு மதுரைக்காரன் துள்ளினான். திரேஸ்புரத்துக்காரன் மட்டும் ஒண்ணும் பேசலை.

நான் செஞ்ச தப்பு

திரேஸ்புரம் தெரியும்ல? தூத்துக்குடியில நாட்டுப்படகுகள் நிக்கிற மீனவர் பகுதி. அவங்கப்பா மீனவர். ஃபைபர் படகு ஒண்ணு வச்சிருக்கார்.

நான் கேட்டேன்: "மாப்ள, உங்கப்பா படகு இருக்குல்லா? வான் தீவுக்கு ஒரு ட்ரிப். ராத்திரி அங்கயே தங்கி, கேம்ப் ஃபயர், மீன் சுட்டுச் சாப்பிடலாம்."

"முடியாதுல. அங்க காலு வைக்கக் கூடாது."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"முடியாதுன்னா விடுல."

நான் விடலை. "மூணு வருஷமா ஒரே ரூம். இதுகூடச் செய்ய மாட்டியா? நண்பன்னு எதுக்குச் சொல்லிக்கணும்?"னு எல்லாரும் இருக்கும்போது கேட்டேன். அவன் போர்வையை இழுத்து மூடிப் படுத்துட்டான்.

ஜனவரியில யாரோ ஒருத்தர் மூலமா ஒரு நம்பர் கிடைச்சது. தலைக்கு 2,000, ராத்திரி படகு, காலையில கரை. பாதி அட்வான்ஸ். அவனுக்கும் சேர்த்து நாலு பேர் பேர்ல 4,000 ரூபாய் அனுப்பினோம். அவன்கிட்ட சொல்லலை. சர்ப்ரைஸாம்!

பொங்கலுக்கு மதுரைக்காரனும் ஈரோட்டுக்காரனும் எங்க ஊருக்கு வந்தாங்க. திரேஸ்புரத்துக்காரன் வீட்டுக்கும் போனோம். மீன் குழம்பு, பொரிச்ச மீன். சாப்பிட்டு முடிச்சு கை கழுவும்போது மதுரைக்காரன் உளறிட்டான். அவங்கப்பா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமா எல்லாம் பேசலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

"தம்பி, அந்தத் தீவுல ஆள எறக்குனா படகப் புடிச்சிருவாவ. கேஸு. படகு போச்சுன்னா எனக்குத் தொழில் போச்சு. கடன் இன்னும் முடியல. இவன் ஒங்ககிட்ட முடியாதுன்னு சொன்னது அதுக்குத்தான். ஒங்களுக்கு ஒரு ராத்திரி. எங்களுக்கு அப்படி இல்லலா?"

கொஞ்சம் நிறுத்திட்டு இன்னொண்ணும் சொன்னார். "முன்னால காத்து ஏறிப் போச்சுன்னா எங்க ஆளுக அந்தத் தீவுலதான் ஒதுங்குவோம். கஞ்சி காய்ச்சிக் குடிச்சிட்டு வருவோம். இப்ப எங்களுக்கே தடை. அதுல நீங்க தீ மூட்டி ஆடப் போறீயளா?"

நம்பரைக் கூப்பிட்டோம். ஸ்விட்ச்டு ஆஃப். அன்னிக்கும், மறுநாளும், இன்னிக்கு வரைக்கும். யார்கிட்ட போய்ப் புகார் கொடுக்கிறது? 'சார், சட்டவிரோதமா தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க'ன்னா? அந்த 4,000 எங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ்.

அப்படி என்ன தடை?

சுருக்கமா சொல்லிடறேன், நீங்களும் என்னை மாதிரி மாட்டிக்கக் கூடாதுல்ல.

1986-ல இந்த 21 தீவுகளையும் சுத்தியுள்ள கடலையும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டரை, கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. 1989-ல இன்னும் பெரிய பரப்பு, 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகம் ஆச்சு. தேசியப் பூங்கான்னா காட்டுல இருக்கிற தேசியப் பூங்காவுக்கு உள்ள சட்டம்தான். வனத்துறை அனுமதி இல்லாம நுழைஞ்சா 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புலி இருக்கிற காட்டுக்குள்ள பர்மிஷன் இல்லாம போக மாட்டோம். இங்கே புலி இல்லை, அதனால துணிச்சல்!

அதோட பவளம், கடல்குதிரை, கடல்அட்டை எல்லாத்தையும் 2001-ல புலிக்குச் சமமான பட்டியல்ல சேர்த்தாங்க. கரையில ஒதுங்கின செத்த பவளத் துண்டைக்கூட பையில போட்டுக் கொண்டுவரக் கூடாது.

ஆனா, மனுஷன் நுழையாம வச்சே ஆகணுமா? இந்தக் கேள்வி எனக்கும் வந்துச்சு. பதில் திரேஸ்புரத்துக்காரன் வீட்டுச் சுவர்லயே இருந்தது.

சுவர்ல இருந்த கடல்

பின்பக்கம் ஒரு பழைய சுவர். பூச்சு உதிர்ந்த இடத்துல கல் தெரிஞ்சது. சாதாரணக் கல் இல்லை. பூப்பூவா, ஓட்டை ஓட்டையா, மூளை மடிப்பு மாதிரி. பவளம்!

"எங்க தாத்தா வெட்டினது"ன்னான் அவன். அந்தக் காலத்துல வள்ளத்துல போய், கடப்பாறையால பவளப் பாறையைப் பேர்த்துக் கொண்டுவருவாங்களாம். வீடு கட்ட, காளவாசல்ல சுட்டுச் சுண்ணாம்பு எடுக்க, ஆலைகளுக்கு அனுப்ப. தூத்துக்குடிப் பக்கத்துல பல வருஷம் இது ஒரு தொழிலாவே நடந்துச்சு. சட்டம் வந்த பிறகும் திருட்டுத்தனமாத் தொடர்ந்து, 2004 சுனாமிக்கு அடுத்த வருஷம்தான் ஒருவழியா நின்னது.

இங்க கொஞ்சம் இன்ஜினீயரிங் பேசறேன், அஞ்சு மார்க் கேள்விதான், பயப்படாதீங்க. அலையோட சக்தி அதோட உயரத்தோட வர்க்கத்துக்கு நேர்விகிதம். அதாவது, பவளப் பாறை அலையோட உயரத்தைப் பாதியாக் குறைச்சா, சக்தி கால்வாசியாக் குறையும். தீவுங்கிறது என்ன? செத்த பவளத்து மேல குவிஞ்ச மணல் மேடு. பாதிக்கு மேல ஆள் உயரம்கூட இருக்காது. முன்னாடி நிக்கிற பாறையைப் பேர்த்தெடுத்தா அலை முழு வேகத்துல வந்து மணலை அள்ளிட்டுப் போகும். கடல் மட்டமும் உயருது. கடல் சூடாகிறதால 1998, 2010, 2016-ன்னு மிஞ்சின பவளமும் வெளுத்துச் செத்தது.

விளைவு? ரெண்டு தீவு இப்ப இல்லை. கீழக்கரைக் குழுவுல பூவரசன்பட்டி, எங்க தூத்துக்குடிக் குழுவுல விலங்குச்சல்லி. ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. புத்தகத்துல 21, கடல்ல 19. காரியாச்சல்லி 1969-ல 20 ஹெக்டேருக்கு மேல இருந்துச்சு. இப்ப கால் பங்குகூட மிச்சமில்லை.

நாங்க கேம்ப் ஃபயர் போட நினைச்ச வான் தீவும் முழுகிப் போற நிலைமையிலதான் இருந்துச்சு. அதைக் காப்பாத்தின கதை நம்ம ஆளுங்க கதை. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல வடிவமைச்ச, ஓட்டைகள் வச்ச சரிவக வடிவ கான்கிரீட் பெட்டகங்களை, தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதல்ல, 2015 கடைசியிலிருந்து தீவுக்கு முன்னாடி கடலடியில இறக்கினாங்க. பத்தாயிரத்துக்கும் மேல. அலை அதுல மோதி, ஓட்டை வழியா நுழைஞ்சு சோர்ந்து போகுது. பின்னாடி மணல் சேருது. பெட்டகத்து மேல பவளம் வளருது, மீன் குடியேறுது. இப்ப காரியாச்சல்லிக்கும் இதே வைத்தியம்னு தமிழக அரசு அறிவிச்சிருக்கு.

சரிவகத்தை நான் எட்டாவதுல பரப்பளவு கண்டுபிடிக்க மட்டும்தான் படிச்சேன். ஒரு தீவையே நிறுத்தி வைக்கும்னு யாரும் சொல்லலை.

2004 டிசம்பர் 26-ல சுனாமி நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்டப்போ தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைக்குச் சேதம் குறைவு. இலங்கை குறுக்கே நின்னது ஒரு காரணம், இந்தத் தீவுகளும் பவளப் பாறையும் இன்னொரு காரணம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. "தீவு போச்சுன்னா அடுத்து அலை எங்க வீட்டு நடையிலதான் தம்பி ஏறும்"னு அவங்கப்பா சொன்னது இதைத்தான்.

சரி, டூர் என்னாச்சு?

போனோம்! பிப்ரவரியில. திரேஸ்புரத்துக்காரன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன். மெஸ்ல, எல்லாரும் இருக்கும்போதே. எல்லார் முன்னாடியும்தானே கேவலமாப் பேசினேன்? "சரி விடுல, சாம்பார ஊத்து"ன்னான். ஃப்ரெண்ட்ஷிப்ல மன்னிப்புக்கு இதுதான் ரசீது.

சட்டப்படியும் போகலாம்னு கண்டுபிடிச்சது ஈரோட்டுக்காரன். மண்டபம் குழுவுல இருக்கிற குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகுல கூட்டிட்டுப் போறாங்க. பாம்பன் பக்கத்துல குந்துகால்ல படகு ஏறணும். எங்க மூணு நாள் திட்டத்தை அப்படியே தர்றேன். கட் பண்ணி வச்சுக்கோங்க.

முதல் நாள், தூத்துக்குடி: விடியற்காலம் திரேஸ்புரம் கடற்கரை. படகுகள் கரை திரும்பறதையும் மீன் ஏலத்தையும் பாருங்க. ஓரமா நில்லுங்க, அது அவங்க ஆபீஸ். அப்புறம் பனிமய மாதா பேராலயம். சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் முயல் தீவு, காணும் பொங்கலுக்கு ஊரே திரள்ற இடம். தீவில் கால் வச்ச ஆசையும் தீரும், அனுமதி பிரச்னையும் இல்லை. ராத்திரி 'நைட் கிளப்'. பதறாதீங்க, எங்க ஊர்ல நைட் கிளப்னா பரோட்டா கடை! பைக்குள்ள மக்ரூன் ஒரு பாக்கெட். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான், ஆனா வேற ஊர்ல அந்த ருசி வராது.

ரெண்டாம் நாள், கிழக்குக் கடற்கரைச் சாலை: தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் 180 கிலோமீட்டர் சொச்சம். வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரைன்னு பஸ் மாறி மாறிப் போங்க. உப்பளம், பனங்காடு, திடீர்னு கடல். கீழக்கரையில இறங்கி, நம்ம கோயில்கள் மாதிரி கல் தூண்களோட கட்டின பழைய ஜும்ஆ பள்ளிவாசலை வெளியிலிருந்தாவது பாருங்க. தொதல் வாங்காம பஸ் ஏறாதீங்க. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த அல்வாவை ஈரோட்டுக்காரன் கால் கிலோ தனியாளாக் காலி பண்ணினான்.

மூணாம் நாள், பாம்பன்: காலையில சீக்கிரம் குந்துகால். 1897 ஜனவரியில விவேகானந்தர் மேல்நாட்டுலேர்ந்து திரும்பி வந்து இறங்கின இடம், நினைவிடம் இருக்கு. அங்கிருந்து குருசடை. திரும்பினதும் தனுஷ்கோடி. 1964 புயல் தின்ன ஊர். 2017-லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு. 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்து வழியா ரயில்ல ஊர் திரும்புங்க.

எப்ப போகலாம்? ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பெஸ்ட். ஜூன்ல தென்மேற்குக் காற்று பிடிச்சா மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அக்டோபர்ல மழை. காத்து அதிகமா இருந்தா படகை நிறுத்திடுவாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி மண்டபம் வனத்துறை அலுவலகத்துல விசாரிச்சுக்கோங்க. ஒரு நாள் கூடுதலா கையில வச்சுக்கோங்க.

எவ்வளவு ஆச்சு? ஏமாந்த 1,000 போக ஆளுக்கு 4,000 மிச்சம் இருந்துச்சு. செலவானது 3,150. தங்கினது ஒரு ராத்திரி எங்க வீடு, ரெண்டு ராத்திரி சாதாரண லாட்ஜ்ல நாலு பேருக்கு ஒரு ரூம். அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை முதல் நாள் மதியம் வரைக்கும் தாக்குப் பிடிச்சது.

என்ன செய்யக் கூடாது? பிளாஸ்டிக் கவரைக் கொண்டு போகாதீங்க. பவளத்து மேல ஏறி நிக்காதீங்க, அது கல் மாதிரி இருக்கும், ஆனா உயிர். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி செல்ஃபி எடுக்காதீங்க. 'தீவுல நைட் ஸ்டே'ன்னு யாராவது ஆசை காட்டினா, எங்க 4,000 ரூபாயை நினைச்சுக்கோங்க.

குருசடையில...

படகு மெதுவாப் போச்சு. தண்ணி அடி வரைக்கும் தெரிஞ்சது. வால்பேப்பர் நீலம் இல்லை, கொஞ்சம் பச்சை கலந்த நீலம். ஒத்தைத் தென்னையும் இல்லை. அலையாத்திச் செடிகள், முள்ளுக்காடு, கரை முழுக்க உடைஞ்ச பவளம். 'உயிரியலாளர்களின் சொர்க்கம்'னு இதைச் சொல்வாங்க. முதுகெலும்பு இல்லாத பிராணிக்கும் முதுகெலும்பு உள்ளதுக்கும் நடுவுல பாலம் மாதிரி இருக்கிற 'பலனோக்ளாசஸ்'ங்கிற புழு இங்க மணலுக்குள்ள இருக்கு. பார்க்க முடியலை. அது நம்மளைப் பார்த்திருக்கும்.

நடக்கும்போது மதுரைக்காரன் குனிஞ்சு வெள்ளையா ஒரு பவளத் துண்டை எடுத்தான். உள்ளங்கை அளவு, பூ மாதிரி. ஜீன்ஸ் பாக்கெட் பக்கம் கை போச்சு. அப்புறம் அவனே திரேஸ்புரத்துக்காரனைப் பார்த்தான். எடுத்த இடத்துலயே வச்சுட்டான். யாரும் ஒண்ணும் சொல்லலை.

திரும்பும்போது படகோட விளிம்புல உட்கார்ந்து திரேஸ்புரத்துக்காரன் சொன்னான்: "எங்க தாத்தா கூலி வாங்கிட்டு இந்தக் கல்ல எடுத்தாரு. நான் காசு குடுத்து, பார்த்துட்டு, விட்டுட்டு வாரேன். எங்கப்பாகிட்ட சொல்லணும்."

அவங்கப்பா கேள்விக்கு மட்டும் என்கிட்ட இன்னும் பதில் இல்லை ஃப்ரெண்ட்ஸ். காத்துக்கு ஒதுங்கினவங்களுக்குத் தடை, டிக்கெட் எடுத்தவங்களுக்கு அனுமதின்னா அது நியாயமா? தடை வேணும்னு இப்ப எனக்குப் புரியுது. ஆனா அந்தத் தடையோட விலையை யார் கொடுக்கிறாங்கன்னும் தெரியுது. குருசடைக்குப் போற டிக்கெட் காசுல ஒரு பங்கு கரையில இருக்கிற குடும்பங்களுக்குப் போனா அது ஒரு ஆரம்பம். காரியாச்சல்லிக்குப் பெட்டகம் இறக்கும்போது திரேஸ்புரத்து ஆட்களுக்கும் அதுல வேலை கிடைச்சா இன்னும் நல்லது. பாறையைப் பேர்க்கத் தெரிஞ்ச குடும்பத்துக்கு நடவும் தெரியாமலா போகும்?

மதுரைக்காரன் லேப்டாப்ல இப்ப வால்பேப்பர் மாறிடுச்சு. தூத்துக்குடிக் கரையில நின்னு அவன் எடுத்த படம். நிறையக் கடல், தூரத்துல பென்சில்ல கோடு கிழிச்ச மாதிரி மெலிசா ஒரு தீவு. பார்க்கிறவங்க எல்லாம், "இதுல என்னடா இருக்கு?"ன்னு கேக்கறாங்க. அவன் உட்கார வச்சு அரை மணி நேரம் விளக்கறான். தப்பிக்க முடியாது.

உங்க ஊர் பக்கத்துலயும் இப்படி ஒரு புள்ளி இருக்கும். குளமோ, குன்றோ, தீவோ. மேப்பைப் பெரிசாக்கிப் பாருங்க. போறதுக்கு முன்னாடி, அங்க பக்கத்துல குடியிருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

அடுத்த வாரம்: 3,150 போக மிச்சமான 850 ரூபாய்க்கு ஹாஸ்டல் ரூம்ல நடந்த மூணாம் உலகப் போர்!